அரபு நாவலில் எது வரலாறு, எது புனைவு? – கேள்வி பதில்

அரபியில் வரலாற்று நாவல் யாரிடமிருந்து தொடங்குகிறது? – கல்லூரி மாணவி

பெய்ரூத்தில் பிறந்து கெய்ரோவில் குடியேறிய ஜுர்ஜி ஸைதானிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1892இல் தாம் நிறுவிய 'அல்-ஹிலால்' இதழில் தம் வரலாற்று நாவல்களைத் தொடராக வெளியிட்டார். காதலர் இருவரைப் பிரித்துவைப்பார்; அவர்கள் சேர்வதற்குள் ஒரு கலீபாவின் ஆட்சிக்காலத்தையே நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார். வரலாற்றுப் பாடம்தான் நோக்கம். பாத்திரங்களுக்கு உயிர் கொஞ்சம் குறைவு.

ஒரே ஒரு நாவலைத்தான் படிக்க முடியும் என்றால்? – நூலகர்

தயங்காமல் கமால் அல்-கீதானியின் 'அல்-ஸைனி பரகாத்' (1974). எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கடைசி ஆண்டுகளில் நடக்கும் கதை. பரகாத் உண்மையில் வாழ்ந்தவர். கெய்ரோவின் சந்தைகளையும் விலைவாசியையும் கண்காணித்த முஹ்தஸிப். அக்காலத்தில் வாழ்ந்த இப்னு இயாஸின் வரலாற்று நூலில் அவர் வருகிறார்.

கீதானி அந்த நூலிலிருந்து ஆளை மட்டுமல்ல, நடையையும் எடுத்துக்கொண்டார். அரசாணை, தெருவில் முழங்கும் அறிவிப்பு, ஒற்றர் தலைவனின் அறிக்கை, வெனிஸ் பயணியின் குறிப்பு என ஆவணங்களாகவே கதை நகர்கிறது. அந்தப் பயணி கற்பனை! கெய்ரோ தெருக்களில் விளக்கு தொங்கவிட வேண்டும் என்று பரகாத் ஆணையிடும் பகுதியைப் பாருங்கள். விளக்கு நல்லதுதானே என்று நாம் நினைப்போம். அமீர்களும் மார்க்க அறிஞர்களும் கொதித்தெழுகிறார்கள். வெளிச்சம் வந்தால் யார் யாரைப் பார்ப்பார்கள் என்ற அச்சம் ஊரையே பிடித்துக்கொள்கிறது.

அந்த நாவல் எகிப்திய அதிபர் நாசரின் ஆட்சியைத்தான் சொல்கிறது என்கிறார்களே? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

சொல்கிறது. கீதானி 1966இல் சிறையிலிருந்தவர். மறு ஆண்டே இஸ்ரேலிடம் எகிப்து தோற்றது. துருக்கிய உதுமானியரிடம் மம்லூக்கியர் தோற்ற கதையைப் படித்த எகிப்தியருக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ஆனால் மறைபொருளைக் கண்டுபிடித்ததோடு நூலை மூடிவைப்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆட்சி மாறியும் பரகாத் பதவியில் தொடர்வதோடு நாவல் முடிகிறது. அது கீதானியின் கற்பனை அல்ல, உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. கற்பனை செய்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆவணமே இல்லாதவர்களின் வரலாற்றை நாவலாசிரியர் என்ன செய்வார்? – இதழாளர்

இலியாஸ் கூரியின் 'பாப் அல்-ஷம்ஸ்' (1998) இதற்குப் பதில். 1948இல் ஊரிழந்த பாலஸ்தீன அகதிகளை முகாம்களில் சந்தித்து அவர்களின் நினைவுகளைத் திரட்டினார். நாவலில், நினைவிழந்து கிடக்கும் முதிய போராளியின் படுக்கையருகே கலீல் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஒரே சம்பவம் வெவ்வேறு விதமாக வருகிறது. எது சரி என்று கூரி தீர்ப்பளிப்பதில்லை. எல்லாத் தரப்பையும் ஒரே சாட்சியமாக இணைத்திருந்தால் நூல் கெட்டிருக்கும்.

எண்ணெய் வளம் வந்த கதை? – வளைகுடாவில் பணிபுரிபவர்

அப்துல் ரஹ்மான் முனீஃபின் 'உப்பு நகரங்கள்', ஐந்து பாகம். ஊர்ப் பெயர்கள் கற்பனை. இருந்தும் சவூதியில் தடை செய்தார்கள். யாரைச் சொல்கிறார் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

கற்பனை ஆவணத்தை உண்மையென்று வாசகர் நம்பிவிட்டால்? – ஆய்வு மாணவர்

யூசுஃப் ஸைதானின் 'அஸாஸீல்' (2008) 5ஆம் நூற்றாண்டுத் துறவி சிரியாக் என்ற பழைய மொழியில் எழுதிய சுருள்களின் மொழிபெயர்ப்பு என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பாளர் முன்னுரைகூட உண்டு. சுருளும் துறவியும் புனைவு. 415இல் அலெக்சாந்திரியாவில் ஹைப்பேஷியா என்ற பெண் தத்துவ அறிஞரைக் கிறித்தவக் கும்பல் கொன்றது வரலாறு. எகிப்தியக் கிறித்தவர்களான காப்டிக் திருச்சபையினர் நாவலைக் கடுமையாக எதிர்த்தார்கள். முன்னுரையை யாராவது நம்பியிருந்தால், அது ஆசிரியரின் கைத்திறன். வாசகரைக் குறை சொல்ல மாட்டேன்.