மாநிலங்களவை தொடங்கியது 1919-இலா, 1952-இலா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். மாநிலங்களவையின் தொடக்கம் 1919 என்கிறது ஒரு கையேடு, 1952 என்கிறது இன்னொன்று. பிரிட்டனின் பிரபுக்கள் சபையைப் பார்த்து அமைத்தது என்றும் படித்தேன். எதை எழுதுவது?

பதில்: வினா எதைக் கேட்கிறது என்று பாருங்கள். மத்தியில் ஈரவை முறையை (மேலவை, கீழவை என்று இரண்டு அவைகள்) கொண்டுவந்த சட்டம் எது என்றால் 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். இன்றைய அவை அமைக்கப்பட்ட நாள் எது என்றால் 1952 ஏப்ரல் 3. முதல் கூட்டம் அந்த ஆண்டு மே 13-இல் நடந்தது. 'ராஜ்ய சபா' என்ற பெயரோ 1954 ஆகஸ்ட் 23-இல்தான் அறிவிக்கப்பட்டது. பலர் மதிப்பெண் இழப்பது இந்த மூன்றாவது தேதியில்.

1919 சட்டப்படி மேலவையில் 60 பேர், கீழவையில் 145 பேர். 1920-இல் நடந்த தேர்தலில் மேலவைக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் நாடு முழுவதும் சுமார் 17,000 பேர்தான். பெரிய நிலக்கிழார்களையும் வணிகர்களையும் வைத்துக் கீழவைக்குக் கடிவாளம் போடுவதே நோக்கம். இன்றைய அவையோடு அதற்குப் பெயரளவில்தான் உறவு.

உறவு நெருங்குவது 1935 சட்டத்தில். கலைக்க முடியாத அவை, மூன்றில் ஒரு பங்கினர் முறைவைத்து ஓய்வு பெறுவது ஆகிய இரண்டும் அதில் இருக்கின்றன. அங்கே பதவிக்காலம் 9 ஆண்டு, நமக்கு 6. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தில் மேலவைக்கு நேரடித் தேர்தல், கீழவைக்கு மறைமுகத் தேர்தல், இன்றைக்கு நேர்தலைகீழ். சமஸ்தானங்கள் சேர முன்வராததால் அந்தக் கூட்டாட்சிப் பகுதி நடைமுறைக்கே வரவில்லை.

அரசியல் நிர்ணய சபையே ஓரவைதான். இரண்டாம் அவை எதற்கு என்ற விவாதம் அங்கே 1947 ஜூலையில் நடந்தது. அவசரத்தில் எழும் சட்டங்களைச் சற்று நிறுத்திப் பார்க்கட்டும், ஆனால் அரசின் காலைக் கட்டக் கூடாது என்பது அந்தச் சபையின் உறுப்பினர் என். கோபாலசுவாமி அய்யங்காரின் வாதம். பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்ற விதியை இந்த நோக்கில் படித்தால் மறக்காது.

பிரபுக்கள் சபை என்று எழுதாதீர்கள். அது பரம்பரை உரிமையில் வளர்ந்தது. இங்கே பரம்பரை இடம் ஒன்றுகூட இல்லை. குடியரசுத் தலைவர் 12 பேரை நியமிக்கும் ஏற்பாடு அயர்லாந்திடமிருந்து வந்தது. அமெரிக்க செனட்டின் சாயல் ஓரளவு உண்டு: 1913 வரை செனட்டர்களையும் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. ஆனால் அங்கே பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ ஆளுக்கு 2 இடம். நாம் மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தோம். ஒரு மாநிலத்தின் முதல் 50 லட்சம் மக்கள்வரை 10 லட்சத்துக்கு ஓர் இடம், அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஓர் இடம் என்று பங்கிட்டார்கள். அதனால்தான் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.

'முதல் உறுப்பினர்கள் எல்லோருக்கும் 6 ஆண்டு' என்ற கூற்று வந்தால் தவறு என்று குறியுங்கள். எல்லோருக்கும் ஒரே காலம் கொடுத்திருந்தால் சுழற்சி தொடங்கியே இருக்காது. ஆகவே சீட்டுக் குலுக்கி, சிலருக்கு 2, சிலருக்கு 4, மற்றவர்களுக்கு 6 ஆண்டு என்று பிரித்தார்கள்.