துப்பாக்கி ஆடுது, என்ன பண்ண?

கேள்வி: ஏர் ரைஃபிள் (காத்தழுத்தத் துப்பாக்கி) 10 மீட்டர் ஸ்டாண்டிங், அதாவது நின்னுட்டே சுடுறது, எட்டு மாசமா பழகுறேன் சார். தூக்கின உடனே ஆட ஆரம்பிக்குது, இறுக்கிப் பிடிச்சா இன்னும் ஆடுது. கருப்பு வட்டம் நடுவுல வர்ற நேரம் பாத்து டக்குனு அழுத்தினா ஸ்கோர் 7, 8-ன்னு போகுது. கைக்கு பலம் ஏத்தணுமா?

பதில்: கை பலம் இதுல ரெண்டாம் பட்சம்தாங்க. தசையால தாங்குற எதுவும் கொஞ்ச நேரத்துல நடுங்கத்தான் செய்யும், எலும்பு மேல உக்கார வெச்சாதான் நிக்கும். வலது கைக்காரரா இருந்தா இடது முழங்கை இடுப்பு எலும்பு மேலயோ அதுக்குக் கொஞ்சம் மேல விலாவுலயோ பதியணும், துப்பாக்கியோட எடை உள்ளங்கை, முன்கை, இடுப்பு, கால்னு நேரா தரைக்கு இறங்கணும். அந்தக் கை எதையும் தூக்கக் கூடாது, சும்மா முட்டுக்கட்டையா நிக்கணும்.

அடுத்தது, உங்க உடம்பு தானா எங்க பாக்குதுன்னு கண்டுபிடிங்க. பொசிஷன்ல நின்னு கண்ணை மூடி ரெண்டு மூச்சு விட்டு தோளைத் தளர்த்திட்டு திறந்து பாருங்க. சைட் (குறி பாக்குற வளையம்) டார்கெட்டுக்கு வலப்பக்கம் நிக்குதுன்னா கையால இழுத்துட்டு வராதீங்க, அப்படி இழுத்து வெச்சா ட்ரிகர் விடுற நேரம் தசை பழைய இடத்துக்கே ஓடும், நீங்க சொல்ற 7-க்கும் 8-க்கும் பாதி காரணம் இதுதான்னு நினைக்கிறேன். பாதத்தைத் துளி நகர்த்தி மொத்த உடம்பையும் திருப்புங்க, மறுபடி கண்ணை மூடிப் பாருங்க. நாலஞ்சு தடவை ஆனாலும் பரவால்ல, இதுக்குச் செலவழிக்கிற நேரம் வீண் இல்ல.

ஆட்டம் முழுசா நிக்காதுங்க, நல்லா சுடுறவங்களுக்கும் நிக்காது, அவங்களுக்கு அது சின்னதா இருக்கும், அவ்வளவுதான். 10 மீட்டர் டார்கெட்ல 10-ங்கிற புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். துப்பாக்கி ஒரு மீட்டர் நீளம்னு வெச்சுக்கிட்டா முனை அரை மில்லி விலகினாலே அங்க 5 மில்லி விலகும், குண்டு 9-க்குப் போயிடும். நடுவுல வரும்போது பிடிச்சுடலாம்னு விரல் வெடுக்குனு இழுத்தா அந்த இழுப்பே முனையை இதை விட அதிகமா தள்ளிடும். ஆட்டம் சின்ன வட்டத்துக்குள்ள அடங்கினதும் விரல் மட்டும் நேரா பின்னாடி மெதுவா அழுத்தட்டும், மத்த விரல் எதுவும் இறுகக் கூடாது.

மூச்சை பாதி வெளிய விட்டு நிறுத்தினதுல இருந்து 6 முதல் 8 செகண்டுக்குள்ள ஷாட் போயிடணும். போகலையா, இறக்கிடுங்க. அதுக்கு மேல பிடிச்சா கண்ணு களைச்சு பழைய பிம்பத்தையே பாத்துட்டு இருப்பீங்க. போட்டியில 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம் இருக்கு, இறக்கி வைக்க நேரம் தாராளம். மோசமான ஷாட்னு தெரிஞ்சே விடுறதை நிறுத்தினாலே ஸ்கோர் ஏறும், இதை நான் ரொம்ப உறுதியா சொல்றேன்.

சுட்டப்புறம் ஒரு செகண்ட் அப்படியே நில்லுங்க. ஏர் ரைஃபிள் பெல்லட் (குண்டு) வேகம் கம்மி, துப்பாக்கிக் குழலை விட்டு வெளிய வர்றதுக்குள்ள தலையைத் தூக்கினா அதுவும் கூடவே விலகும்.

கேள்வி: ரேஞ்சுக்கு வாரம் ரெண்டு நாள்தான் போக முடியுது. வீட்ல என்ன செய்யலாம்?

பதில்: டிரை ஃபயர், அதாவது குண்டு போடாம ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகுறது. பெல்லட் உள்ள இல்லன்னு முதல்ல திறந்து பாருங்க, ரெண்டாவது தடவையும் பாருங்க, யாரும் வராத பக்கம் வெறும் சுவரைப் பாத்து நில்லுங்க. உங்க ரைஃபிள்ல டிரை ஃபயர் வசதி இருக்கான்னும் பாத்துக்கங்க, இல்லாததுல சும்மா விட்டா உள் பாகம் கெட்டுப்போகும். சுவர்ல டார்கெட் ஒட்டாதீங்க, புள்ளி இருந்தா மனசு அதைத் துரத்தும். வெறும் வெள்ளையில முன் சைட் வளையத்தை மட்டும் பாத்துட்டே ட்ரிகரை விடுங்க, கிளிக் சத்தம் வர்ற நேரத்துல வளையம் துள்ளுதான்னு கவனிங்க. பக்கவாட்டுல துள்ளினா விரல் கோணலா இழுக்குது, மேல கீழ போனா மூச்சு இன்னும் அடங்கல. தினம் 20 நிமிஷம் போதும், களைப்பு வந்த உடனே நிறுத்திடுங்க, களைச்ச உடம்போட பழகினா தப்புதான் பதியும்.