கேமரா விற்பனை சரிந்தது. உங்கள் பையனின் கைவேலை சரியவில்லை

அம்மா, பிளஸ் டூ முடித்த பையனை என்ன படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். "கேமராவெல்லாம் முடிஞ்சு போச்சு, மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடு" என்று உங்கள் அண்ணன் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். போட்டோ ஸ்டுடியோவை மூடிய வீட்டில் அந்தப் பேச்சு எப்படித் தைக்கும் என்று தெரிகிறது. ஆனால் அவர் சொல்வது பாதிதான் சரி.

ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்கில், 2010-ல் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023-ல் 77 லட்சம். விழுந்ததில் பெரும்பகுதி சட்டைப்பையில் அடங்கும் சின்னக் கேமரா. அதன் வேலையைப் போன் பிடுங்கிக்கொண்டது. லென்ஸ் மாற்றும் ரகத்தில், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் 2020-லேயே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆரை முந்திவிட்டது. 2024-ல் மொத்த எண்ணிக்கையும் 84 லட்சத்தைத் தாண்டியது.

கடைக்கு வரும் கேமராவை மட்டும்தான் இந்தக் கணக்கு எண்ணுகிறது. பையனுக்குப் படமெடுப்பதைவிட, அப்பாவின் பழைய லென்ஸைக் கழற்றிப் பூஞ்சை துடைத்துத் திரும்பப் பூட்டுவதில்தான் ஆசை என்கிறீர்கள். அவனுக்கான இடம் மெஷின் விஷன், அதாவது ஆலையில் பொருளைக் கேமராவே பார்த்துச் சோதிக்கும் துறை. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவைப் பக்கத்து ஆலைகளில் கன்வேயருக்கு மேல் ஒரு கேமரா, அதைச் சுற்றி வளைய விளக்கு. போல்ட் கடக்கும் கணத்தில் படமெடுத்து, மரை பழுது என்றால் ஒதுக்கித் தள்ளும். பளபளக்கும் இரும்பில் வெளிச்சம் நேராக விழுந்தால் கீறல் மறைந்துவிடும். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்தால் பளிச்சென்று தெரியும். லென்ஸ், தூரம், ஷட்டர் வேகம் எல்லாவற்றையும் ஓர் ஆள் நின்று சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். ஸ்டுடியோவில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்!

பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருப்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இன்ஸ்ட்ருமென்டேஷன், மெக்கட்ரானிக்ஸ், இ.சி.இ. எதுவானாலும் சரி. அரசுக் கல்லூரியில் கட்டணம் உங்களால் தாங்கக்கூடியது. டிப்ளமோ முடித்து, வேண்டுமானால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழையலாம். முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் கடன் இருக்காது.

கோட்டா சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். அவன் கோடிங் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான், மாமா மூன்றாவது தடவை கேட்கத் தேவையில்லை. இந்த வாரமே பக்கத்து அரசு பாலிடெக்னிக்குக்கு அவனோடு போய், எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று அவனையே விசாரிக்கச் சொல்லுங்கள்.