மைக் இல்லாத வீட்டுக் கச்சேரி: எங்கே உட்காருவது, எதைக் கேட்பது?

கேள்வி: நண்பர் வீட்டு ஹாலில் மைக் இல்லாமல் வாய்ப்பாட்டுக் கச்சேரி. ஹால் 20க்கு 14 அடி, 25 பேர் வருவோம். நல்ல ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிய எனக்கு எந்த இடம் சரிப்படும்? (வாசகர், மதுரை)

பதில்: பாடகரிடமிருந்து ஆறு முதல் எட்டு அடிக்குள் உட்காருங்கள். இந்த அளவு ஹாலில் மூன்று, நான்கு அடி தாண்டினாலே வாயிலிருந்து நேராக வரும் ஒலியைவிட சுவரில் பட்டு வரும் ஒலி கூடிவிடும். எட்டு அடிவரை இரண்டும் கலந்து நன்றாக இருக்கும். கடைசி வரிசையில் சாகித்யத்தின் (பாட்டு வரிகளின்) மெய்யெழுத்துகள் மங்கிவிடும். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அதுவும் மூலையில் உட்கார்ந்தால் மிருதங்கத்தின் இடக்கைப் பக்கமான தொப்பியின் கும்கி, அதாவது கனத்த அடிநாதம், மட்டும் வீங்கிக் கேட்கும்.

வழக்கமாக மிருதங்கம் பாடகருக்கு வலப்பக்கம், அதாவது உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும். அதன் வலக்கைப் பக்கமான வலந்தலை சபையைப் பார்த்திருக்கும், தொப்பி பின்சுவரைப் பார்த்திருக்கும். அதனால் மிருதங்கத்துக்கு நேர் எதிரே இருந்தால் சாப்பு, மீட்டு என்கிற வலந்தலை அடிகள் காதில் அறையும், வயலின் அடங்கிப்போகும். நடுவிலிருந்து இரண்டு அடி வயலின் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தால் மூன்றும் சமமாகிவிடும். கலைஞர்களுக்கும் பின்சுவருக்கும் இடையே மூன்று அடியாவது விடும்படி நண்பரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

முந்தின நாளே போய் ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டர்ர்' என்று எதிரொலி ஓடினால் எதிரெதிர்ச் சுவர்கள் மொட்டையாக இருக்கின்றன என்று பொருள். ஒரு பக்கச் சுவரில் கனத்த திரையோ மெத்தை விரிப்போ தொங்கவிட்டால் போதும். கிரானைட் தரையில் ஜமக்காளம் அவசியம். ஆனால் ஜமக்காளம் மேல் ஸ்தாயிக் கூர்மையைத்தான் குறைக்கும். தொப்பியின் இரைச்சலுக்கு ஜன்னலையும் கதவையும் திறந்துவைப்பதுதான் வழி.

தயவுசெய்து அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். பிசைந்த ரவையைத் தொப்பியில் அப்பி, வலந்தலை விளிம்பில் கல்லால் தட்டி கண் என்கிற ஒவ்வொரு விளிம்புப் பகுதியையும் சுருதியில் நிறுத்துவதை எட்டடியில் கேட்பது ஒரு தனிப் பாடம். நிஜத் தம்புரா இருந்தால் இன்னும் விசேஷம். தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே உள்ள ஜீவா நூலை மயிரிழை நகர்த்துவார்கள். அதுவரை மொட்டையாக இருந்த நாதம் சட்டென்று விரிந்து ரீங்கரிக்கும். கீழ் ஷட்ஜமான மந்தரத் தந்தியை மீட்டும்போது, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் ('க' ஸ்வரம்) மேலே மிதந்து வரும். ஷட்ஜத்தைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் அதிரும் உபஸ்வரம் அது. அதைக் காதில் வாங்கிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஸ்பீக்கரைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

கேள்வி: ரெக்கார்டிங்கில் மிருதங்கம் இடிபோல இருக்கிறது, குரல் முகத்தருகே கேட்கிறது. நேரில் எல்லாமே மெலிதாக இருந்தன. என் சிஸ்டத்தில் கோளாறா? (வாசகி, கோவை)

பதில்: இல்லை. வாயிலிருந்து சில அங்குலத்தில் மைக் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள். ஒரு திசையில் மட்டும் வாங்கும் மைக்குகள் அவ்வளவு நெருக்கத்தில் கீழ் ஸ்தாயியைத் தாமாகவே ஊதிப் பெரிதாக்கும். தொப்பிக்கும் அதே கதிதான். குரல் இங்கே, வயலின் அங்கே என்று கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்பதும் ரெக்கார்டிங்கின் வேலை. வீட்டுக் கச்சேரியில் கண்ணை மூடினால் அவ்வளவு துல்லியமாகப் பிரியாது. ஆகவே அதை வைத்து ஸ்பீக்கரை எடைபோடாதீர்கள். ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வழுக்கும்போது இடையில் உடைகிறதா, வில் திரும்பும் இடம் தெரிகிறதா, தம்புரா கடைசிவரை பின்னால் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் எட்டடி தள்ளி உட்கார்ந்து பாடினால் எவ்வளவு சத்தமோ அந்த அளவில் வால்யூமை நிறுத்துங்கள். பலரும் அதைவிட நிறையவே கூட்டி வைக்கிறார்கள்.

கேள்வி: மொபைலில் பதிவு செய்யலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் பாடகரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் போதாது. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்ய 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இடம் தருகிறது. யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்குக் கலைஞரின் அனுமதி கட்டாயம் வேண்டும்.

மொபைலில் பெரும்பாலும் ஒலி அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சாப்புக்கும் குரல் அமுங்கி எழும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரியாக்க முடியாது. சிறிய கையடக்க ரெக்கார்டர் இருந்தால் அந்த வசதியை அணைத்துவிட்டு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு என்று வையுங்கள். மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். ஸ்டாண்டில் நாலரை அடி உயரம், பாடகருக்கு ஐந்தாறு அடி முன்னால், நெஞ்சைப் பார்த்தபடி. ஜமக்காளத்தில் வைத்தால் பக்கத்தில் தொடை தட்டித் தாளம் போடுபவரின் அதிர்வும் சேர்ந்து பதியும். மிருதங்கம் சுருதி சேர்க்கும்போது ரெக்கார்டரின் ஒலி அளவு முள் மைனஸ் 18 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிப்பான கோர்வை வரும்போது அந்த மிச்ச இடம் முழுக்கத் தேவைப்படும். மொபைல் விமானப் பயன்முறையில் இருக்கட்டும்.

கேள்வி: ஏசி போடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கலைஞர்கள் வருமுன் போட்டு ஒரே அளவில் விட்டுவிடுங்கள். நடுவில் போடுவதும் அணைப்பதும்தான் கெடுதி. காற்று உலர்ந்தால் மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி ஏறும், ஈரமானால் இறங்கும். ஃபேன் வேண்டாம். அதன் இறக்கை வெட்டிவரும் ஒலியில் குரல் நடுங்குவதுபோல் கேட்கும்.