பசை செய்கிற யூரியாவை மாடு தின்னலாமா?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் ஆறு பால்மாடு வைத்திருக்கிறேன். பெரும்போக வெள்ளாமை வெட்டியதும் வைக்கோல் மிஞ்சிக் கிடக்கிறது. யூரியா தெளித்துக் கொடுத்தால் பால் கூடும் என்கிறார்கள். பிளைவூட் பசைக்குப் போகிற சாமான் மாட்டுக்கு ஆகுமா? அயலில் ஒரு மாடு யூரியாத் தண்ணீர் குடித்துச் செத்ததால் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, உங்கள் பயம் சரியானதுதான். ஆனால் முறையாகச் செய்தால் இது நல்ல வேலை.

யூரியா ஒரு சேதனச் சேர்வை, அதாவது காபன் உள்ள சேர்வை. உரக் கடையில் மட்டும் அதை அசேதன உரம் என்போம். அந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. நைதரசன் 46 சதவீதம். போமல்டிகைட் என்ற நச்சு இரசாயனத்துடன் சேர்த்தால் பலகை ஒட்டும் பசை. வைக்கோலில் ஈரத்தோடு மூடிவைத்தால் அமோனியாவாக உடைந்து, வைக்கோலின் கடினத்தை இளக்கும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அந்த நைதரசனைக் கொண்டு புரதம் செய்கின்றன. தச்சுவேலைப் பசைத்தூளை மட்டும் யூரியா என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், அதில் போமல்டிகைட் இருக்கிறது.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ உர யூரியா, 100 லீற்றர் தண்ணீர். ஒரு யூரியாக் குருணைகூட மிஞ்சாமல் கரையட்டும். கீழே பொலித்தீன் விரித்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து மிதியுங்கள். காற்றுப் புகாமல் மூடி, பத்து நாள் விடுங்கள். கண் எரிகிற மணமும் மஞ்சள் கபில நிறமும் வந்திருந்தால் சரி. கொடுக்குமுன் ஒரு மணி நேரமாவது காற்றில் உலர்த்துங்கள். முதல்நாள் ஒரு கிலோ, சாதாரண வைக்கோலோடு கலந்து. ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கூடவே கிளிசிரிடியா இலையும் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். பட்டினி கிடந்த மாட்டுக்கும் உடனே வேண்டாம்.

அயல் மாடு செத்தது வைக்கோலால் அல்ல, கரைசலை நேரே குடித்ததால். அமோனியா ஒரேயடியாக இரத்தத்தில் ஏறிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே நுரை தள்ளும், தசை நடுங்கும், வயிறு உப்பும், தள்ளாடும். கால்நடை வைத்தியருக்கு உடனே அழைப்பு எடுங்கள். அவர் வரும்வரை, விழுங்கக்கூடிய மாடாக இருந்தால், கடை வினாகிரி மூன்று நாலு போத்தலை அதே அளவு குளிர்ந்த தண்ணீரில் கலந்து மெல்லப் பருக்கலாம். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் அமோனியாவை அடக்கும். தொழிற்சாலைக்கு விற்கிற செறிந்த அசற்றிக் அமிலத்தைக் கொண்டுவந்தால் தொண்டையே வெந்துவிடும், அதைத் தொடாதீர்கள். விழுந்து கிடக்கிற மாட்டுக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

தெளித்து முடித்ததும் மிச்சக் கரைசலை வாளியோடு வைக்காமல் வயலில் ஊற்றி, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். உரபேக் மாடு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.