வாரம் ஒரு சொல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கைவேலை செய்யும் நாங்கள் ஏழு பேர் கடந்த 14 வாரங்களாக ஒரு விளையாட்டை நடத்தி வருகிறோம். முறை வைத்து ஒருவர் ஒரு சொல்லைக் கொடுப்பார். நூல், தாள், களிமண் என்று அவரவர்க்குப் பழகிய பொருளில் அந்தச் சொல்லுக்கு ஏற்ற ஏதேனும் ஒன்றை ஏழு நாளுக்குள் செய்து காட்ட வேண்டும். நான் பூத்தையல் செய்பவள். முதல் பத்து வாரங்கள் அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். இப்போது தயக்கம் வந்துவிட்டது. சென்ற வாரச் சொல் ‘பிரி’. கூட்டை விட்டுப் பறக்கும் பறவையைத் தைத்தேன். ஏழு பேரில் நால்வர் அதே பறவையைச் செய்திருந்தார்கள். இதற்கிடையே, சுவரில் மாட்டுவதற்காக ஓராண்டாக நான் தைத்துவரும் பெரிய துணிச்சித்திரம் பாதியில் நிற்கிறது. ‘உருப்படியான வேலையை விட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறாய்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். எல்லோருக்கும் உற்சாகம் குறைவதைக் கண்ட தோழி ஒருவர், வாரந்தோறும் மதிப்பெண் போட்டு மாத முடிவில் பரிசு தரலாம் என்கிறார். இதைத் தொடர்வதில் பொருள் இருக்கிறதா? இதுவரை செய்த சிறு துண்டுகளை என்னதான் செய்வது?

அன்புடன்,
ஒரு வாசகி

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

தொடருங்கள் என்பதே என் பதில். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் நின்றது அந்தப் பறவையிடம்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நால்வர் ஒரே பறவையைச் செய்தது கற்பனைக் குறைவால் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழும் முதல் படம் நம்முடையது போலத் தோன்றினாலும், அந்த மொழியைப் பேசும் அனைவருக்கும் அது பொதுவான படமாகவே இருக்கிறது. ‘பிரி’ என்றதும் பறவையும் வெற்றுக் கூடும், புறப்படும் ரயிலும் அசையும் கையும் யாருக்கும் தோன்றும். இத்தகைய வட்டம் ஒன்றில் பல ஆண்டுகளாக இருந்துவரும் நான், முதலில் தோன்றும் மூன்று படங்களையும் ஒரு தாளில் எழுதி, அந்த மூன்றையும் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு மனத்தைத் துழாவுவதை விட்டுவிட்டு, என் வேலைப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்தச் சொல் இதற்குள் எங்கே இருக்கிறது என்று தேடுவேன்.

உங்கள் பெட்டியில் ‘பிரி’ இருக்கிறது. தைக்க உட்காரும்போதெல்லாம் அதைக் கையில் எடுக்கிறீர்கள். பூத்தையலுக்கு வழக்கமாக வாங்கும் பருத்தி நூல் ஆறு பிரிகளால் ஆனது. மெல்லிய கோட்டுக்கு ஒரு பிரி, இலைக்கு இரண்டு, தடித்த காம்புக்கு மூன்று என்று நூலைப் பிரித்து ஊசியில் கோத்துக்கொள்வது உங்கள் கைக்குப் பழகிப்போன செயல் என்பதாலேயே அது உங்கள் கண்ணில் படவில்லை. ஒரு வெள்ளைத் துணியில் 12 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஆறு பிரியும் சேர்ந்த நூலால் காம்புத் தையலைத் தொடங்குங்கள். இரண்டு செ.மீ. தைத்ததும் ஊசியைக் கழற்றி, ஒரு பிரியை மட்டும் துணியின் முன்பக்கத்திலேயே தொங்க விட்டுவிட்டு, மற்ற ஐந்தையும் கோத்துத் தொடருங்கள். அடுத்த இரண்டு செ.மீ. முடிவில் இன்னொன்றை விடுங்கள். கோட்டின் கடைசிப் பகுதியைத் தைக்கும்போது உங்கள் ஊசியில் ஒரே ஒரு பிரி இருக்கும். விட்டுவந்த ஐந்தும் அவை பிரிந்த இடங்களிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதில் பறவையும் இல்லை, கூடும் இல்லை. ஆனாலும் பிரிவு என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். நூலைத் தவிர வேறு எதனாலும் அதை அப்படிச் சொல்லவும் முடியாது. களிமண்ணில் வேலை செய்யும் உங்கள் தோழிக்கு இதே சொல், காய்கையில் விரிசல் விட்டு இரண்டாகும் பலகையாக வந்திருக்கலாம். தாளில் வேலை செய்பவருக்கு, தடித்த அட்டையை ஈரப்படுத்தி அடுக்கடுக்காக உரித்தெடுப்பதாக வந்திருக்கலாம்.

ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுப்பவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ‘நம்பிக்கை’, ‘மகிழ்ச்சி’, ‘சுதந்திரம்’ போன்ற சொற்களைக் கொடுத்தால் எல்லோரும் விளக்கையும் பூவையும் பறவையையும்தான் செய்வார்கள். அந்தச் சொற்களுக்கான படங்கள் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. பெயராகவும் வினையாகவும் நிற்கக்கூடிய சிறு சொற்களைக் கொடுங்கள். ‘முடி’ என்பது தலைமுடி, மணிமுடி, முடிச்சிடுதல், முடித்தல் என்று நான்கு பக்கம் திறக்கும். ‘மடி’, ‘படி’, ‘இழை’, ‘கோடு’ ஆகியவையும் அப்படிப்பட்டவை. ‘நூல்’ என்ற சொல்லைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம்கூட வேலை செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில், சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயை அவள் கையாகவும், அவன் மதியை, அதாவது அறிவை, நூல் சுற்றும் கதிராகவும் காட்டி, நூல் உருவாகும் முறையை ஒரு வெண்பா விளக்குகிறது. சொல்லைக் கையில் எடுத்து நூற்கலாம் என்பதை நம் இலக்கணம் நமக்கு அத்தனை துல்லியமாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஏழு பேரும் வாரந்தோறும் செய்துவருவது அந்த வேலையைத்தான்.

வீட்டில் இருப்பவர்கள் இதை விளையாட்டு என்று சொல்வது சரியே. விளையாட்டு என்பதால் உருப்படியற்றது என்று கருதுவதில்தான் நான் வேறுபடுகிறேன். ஒருவர் ஈற்றடியைக் கொடுக்க, மற்றவர் அந்த அடியில் போய் முடியுமாறு வெண்பா பாடுவது தமிழில் நெடுங்காலம் இருந்துவந்த விளையாட்டு. சமஸ்யை என்றும் அதைச் சொல்வார்கள். காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களில் இத்தகையவை பல உண்டு. நான்கடி வெண்பாவில் மொத்தம் 15 சீர். ஈற்றடி மூன்று சீரைப் பிடித்துக்கொண்டுவிட்டால், புலவரின் கையில் இருப்பது 12 சீர்தான். எதைப் பற்றிப் பாடுவது என்ற கேள்வியே அவருக்கு இல்லை. எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. எனவே அவருடைய திறமை முழுவதும் எப்படிப் போய்ச் சேருவது என்பதில் குவிகிறது. வாரச் சொல்லும் இதே உதவியைத்தான் உங்களுக்குச் செய்கிறது. வெறும் துணியின் முன் உட்கார்ந்து எதைத் தைக்கலாம் என்று மாலை முழுவதையும் கழித்த நாள்கள் உங்களுக்கும் இருந்திருக்கும்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் அளவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1997இல் சூரிச் நகரக் கலைஞர் வான்சி ஸ்டிர்னெமான், தாம் செய்த சிறு அட்டைகளைக் காட்சிக்கு வைத்து, நிறைவு நாளில் மற்றவர்களும் தங்கள் அட்டைகளைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அழைத்தார். கலைஞர் பரிமாற்ற அட்டை என்ற வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அளவு 64 மி.மீ.க்கு 89 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும் என்பதும், விற்காமல் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் விதிகள். உங்கள் வட்டத்துக்கும் இந்த அளவையே பரிந்துரைக்கிறேன். இதுவும்கூட நூலுக்குச் சிறிய அளவு இல்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 14 கட்டம் கொண்ட துணியில், அந்த அட்டையளவு இடத்தை, கட்டத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் போடும் கிராஸ் ஸ்டிச்சால் முழுவதும் நிரப்ப வேண்டுமானால், 35 பெருக்கல் 49, அதாவது 1,715 தையல்கள் போட வேண்டும். நிமிடத்துக்கு ஐந்து தையல் போட்டாலும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே துணியில் பெரும்பகுதியை வெறுமையாக விடப் பழகிக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் முடியாத எதையும் வாரச் சொல்லுக்காகத் தொடங்காதீர்கள். மீதி மாலைகள் பெரிய துணிச்சித்திரத்துக்குப் போகட்டும்.

அந்தப் பெரிய வேலை நின்றதற்கு இந்தச் சிறு வேலை காரணம் என்பதையும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஓராண்டு உழைப்பு சேர்ந்துவிட்ட துணியில் புதிதாக எதையும் முயல்வதற்குக் கை அஞ்சும். தவறிவிட்டால் பிரித்தெடுக்க வேண்டிய தையல்கள் அத்தனை அதிகம். நான் ஒரு பெரிய புத்தகக் கட்டு வேலையில் பல மாதம் தேங்கி நின்றபோது, அதன் முதுகுத் தையலுக்கு வழி கிடைத்தது ‘மடி’ என்ற வாரச் சொல்லுக்காக உள்ளங்கையளவுத் தாளில் செய்துபார்த்த ஒரு மடிப்பிலிருந்துதான். அஞ்சாமல் தவறு செய்யக்கூடிய இடம் ஒன்று அருகில் இருந்ததால் அது நேர்ந்தது. உங்கள் 14 துண்டுகளையும் மேசைமீது பரப்பி, பெரிய சித்திரத்தை அருகில் விரித்துவைத்துப் பாருங்கள். நின்ற இடத்துக்கு வேண்டிய தையல் அவற்றில் ஒன்றில் இருக்கக்கூடும்.

வாரம் என்ற இடைவெளியை மாற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உற்சாகம் குறையும் வட்டங்களில், நாளுக்கொரு சொல் வைத்து வேகத்தைக் கூட்டலாம் என்று யாரேனும் சொல்வது உண்டு. அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் அக்டோபர் மாதத்தின் 31 நாளும் மையால் நாளொரு ஓவியம் வரைவது என்று தம் பயிற்சிக்காகத் தொடங்கியது உலகெங்கும் பரவியிருக்கிறது. மைக்கும் தூரிகைக்கும் அது பொருந்தும். ஊசிக்கும் ஈரக் களிமண்ணுக்கும் பொருந்தாது. சொல்லை வாங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் எதுவும் செய்யாமல் அதை மனத்தில் வைத்துக்கொண்டு நடமாடும் காலம்தான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மதிப்பெண்ணும் பரிசும் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள், தாமாகவே ஆசைப்பட்டு வரையும் சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்த குழந்தைகள், பின்னர் விருப்பம்போல் விளையாட விட்டபோது, பரிசுப் பேச்சே எழாத குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அந்த இழப்பு நேரவில்லை. நான் முன்பு இருந்த ஒரு வட்டத்திலும் மதிப்பெண் வைத்துப் பார்த்தோம். இரண்டு மாதத்துக்குள் எல்லோரும் தமக்கு நன்றாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கினோம்; மிகவும் துணிந்து முயன்றுகொண்டிருந்த ஒருவர் தொடர்ந்து கடைசி இடம் பெற்று, சொல்லாமல் விலகிவிட்டார். அவருடைய இடம் அதன் பிறகு நிரம்பவே இல்லை. அதை நினைக்கும்போது இன்றும் வருந்துகிறேன்.

பரிசுக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் இன்னொருவருடைய துண்டைக் கையில் வாங்கிப் பார்த்து, அது செய்யப்பட்ட முறையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அழகாக இருக்கிறது’ என்ற பாராட்டோடு பேச்சு முடிந்துவிடும். ‘இந்த முடிச்சை எந்தப் பக்கத்திலிருந்து போட்டீர்கள்’ என்ற கேள்விக்கு, செய்தவர் தம் வேலையை இன்னொரு முறை மனத்தால் செய்துபார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். வேலையை முடித்துக் காட்டும்வரை மற்றவர்கள் செய்ததைப் பார்ப்பதில்லை என்பதையும் விதியாக்குங்கள். வர இயலாத வாரத்துக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறு துண்டுகளை என்ன செய்வது என்று கேட்டீர்கள். சட்டமிட்டு மாட்டாதீர்கள்; அவை கையில் எடுத்துப் புரட்டுவதற்கானவை. ஒவ்வொன்றையும் ஒரே அளவான துணியின் நடுவில் வைத்துத் தைத்து, கீழே அந்த வாரத்தின் சொல்லையும் நாளையும் ஒரு பிரி நூலால் பின்தையலில் எழுதுங்கள். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்தால் 14 துண்டும் ஏழு ஏடுகளாகும். இடது ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டு, நான்கு துளை வழியாகத் தைத்துக் கட்டுங்கள். அந்தக் கட்டை எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்து ஏடு சேர்த்துக்கொள்ளலாம். வார வரிசைப்படி அடுக்கினால் ஏழாம் ஏட்டின் பின்பக்கத்தில் உங்கள் பறவை வரும். அதை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். எட்டாம் ஏட்டின் முன்பக்கத்தில் அந்த 12 செ.மீ. கோட்டைத் தைத்துச் சேருங்கள். புத்தகத்தை விரிக்கும்போது இடப்பக்கம் பறவையும் வலப்பக்கம் நூலும் எதிரெதிரே இருக்கும்.

அன்புடன்.