வீசிய ரிப்பன்களும் வீட்டிலிருந்த பதக்கங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் 2004 அதிபர் தேர்தலைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு எதிராக நடந்தது அவதூறு என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கட்டுரை என்னை வருத்தப்படுத்தியது.

அந்த மனிதர் வியட்நாமில் இருந்தது நான்கே மாதம். மூன்று சின்னக் காயங்களைக் காட்டி ஊர் திரும்பினார். பிறகு, கூட இருந்தவர்கள் இன்னும் களத்தில் நின்றுகொண்டிருந்தபோதே, செனட் குழு முன்னால் உட்கார்ந்து அவர்களைக் கொலைகாரர்கள் என்றார். பதக்கங்களைத் தூக்கி எறிந்தார். முப்பத்து மூன்று வருடம் கழித்து ஓட்டு வேண்டும் என்றதும் மேடையேறி சல்யூட் அடித்தார். போர் தவறு என்றால் பதக்கம் எதற்கு? பதக்கம் பெருமை என்றால் அதை எறிந்தது எதற்கு? அவரோடு அதே ஆற்றில் இருந்தவர்கள் சொன்னதை அவதூறு என்று ஒதுக்க, போர்க்களத்தையே பார்க்காத உங்களுக்கு என்ன உரிமை?

என் பதக்கங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பேரன் கேட்டால் எடுத்துக் காட்டுவேன். நானும் சில காரியங்களைப் பார்த்திருக்கிறேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்கு என் கட்டுரையில் பதிலே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதைப் பிறகு எடுக்கிறேன்.

முதலில் நான்கு மாதம். கணக்கு சரிதான். 1968 நவம்பரிலிருந்து 1969 மார்ச் வரை. காயங்கள் சிறியவை என்பதும் உண்மை. மூன்று முறை காயம்பட்டவர் களத்திலிருந்து மாற்றல் கேட்கலாம் என்று அன்றைய கடற்படையில் விதி இருந்தது. அவர் கேட்டார், கிடைத்தது. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். ஸ்விஃப்ட் படகுப் பணிக்கு அவர் விருப்பம் தெரிவித்தபோது அந்தப் படகுகள் கடலோரத்தில் ரோந்துதான் சுற்றிக்கொண்டிருந்தன. ஆபத்து அதிகமில்லாத வேலை. அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் அங்கிருந்த அமெரிக்கக் கடற்படையின் தளபதி அட்மிரல் ஸம்வால்ட்டின் புதிய திட்டப்படி அவை மீகாங் கழிமுகத்து ஆறுகளுக்குள்ளும் கால்வாய்களுக்குள்ளும் அனுப்பப்பட்டன. எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகை மாதிரியாக வைத்துக் கட்டிய ஐம்பது அடி நீளப் படகு அது. அலுமினிய உடம்பு, தோட்டா துளைத்துக்கொண்டு போகும். எஞ்சின் சத்தம் வெகுதூரம் கேட்கும். இரு கரையிலும் புதர். ஓர் அதிகாரி, ஐந்து மாலுமிகள். அப்படிப்பட்ட ஆற்றில் நான்கு மாதம் கொஞ்சமா அதிகமா என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது, அதே ஆற்றில் இருந்தவர்களின் சொல். அதை ஒதுக்க எனக்கு உரிமையில்லை என்கிறீர்கள். அதே ஆற்றில் இருந்த வேறு சிலரின் சொல்லையும் சேர்த்துக் கேட்போம்.

1969 மார்ச் 13, பே ஹாப் ஆறு. முன்னால் போன ஒரு படகின் அடியில் கண்ணிவெடி வெடித்தது. அந்தக் குழப்பத்தில் கெர்ரியின் படகிலிருந்து ஜிம் ராஸ்மன் என்ற சிறப்புப் படை அதிகாரி தண்ணீரில் தூக்கி எறியப்பட்டார். கரையிலிருந்து தன்னை நோக்கிச் சுட்டார்கள், மூச்சுவிட மேலே வருவதும் முங்குவதுமாக இருந்தேன் என்கிறார் அவர். கெர்ரி படகைத் திருப்பிக்கொண்டு வந்து, கையில் அடிபட்ட நிலையில், படகின் முன்பக்கத்திலிருந்து குனிந்து அவரை மேலே இழுத்தார். அதற்குத்தான் பிரான்ஸ் ஸ்டார், அதாவது வெண்கல நட்சத்திரப் பதக்கம். 2004இல் கெர்ரிக்கு எதிராகத் தொலைக்காட்சி விளம்பரங்கள் வெளியிட்ட முன்னாள் ஸ்விஃப்ட் படகு வீரர்கள் சொன்னது, அன்று எதிரி சுடவே இல்லை என்பது. அப்படிச் சொன்னவர்களில் ஒருவரான லாரி தர்லோ இன்னொரு படகின் அதிகாரி. அதே நாள், அதே இடம், அவருக்கும் ஒரு பிரான்ஸ் ஸ்டார். அவருடைய பதக்கச் சான்றிதழை 2004 ஆகஸ்டில் பத்திரிகை தேடி எடுத்தபோது, எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே அவர் துணிவாகச் செயல்பட்டார் என்று அதில் எழுதியிருந்தது. ராஸ்மன் யார் தெரியுமா? குடியரசுக் கட்சிக்காரர். 2004 ஜனவரியில், கட்சியின் வேட்பாளர் தேர்வில் அயோவா மாநிலத்தின் முதல் சுற்றுக்குச் சற்று முன், தானாகத் தொலைபேசியில் அழைத்து, விமானமேறி வந்து கெர்ரியைக் கட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருடமாகத் தொடர்பில்லை.

சில்வர் ஸ்டார் கிடைத்த 1969 பிப்ரவரி 28 சம்பவத்துக்கும் சாட்சி உண்டு. அன்று மூன்று படகுகள் சென்றன. ஒன்றுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ரூட் பிறகு சிகாகோ டிரிப்யூனில் ஆசிரியராக இருந்தார். அந்தப் போரைப் பற்றிப் பேசாமலே இருந்தவர். அங்கே இல்லாதவர்கள் பொய் சொல்வதைப் பொறுக்க முடியாமல்போனபோது 2004 ஆகஸ்டில் கண்டதை எழுதினார். கெர்ரியின் படகுகளில் அவருக்குக் கீழே பணியாற்றியவர்களில் ஒருவர் மட்டும் எதிர்த்தரப்பில் நின்றார். பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில் மற்றவர்களில் பலர் கெர்ரியின் பக்கத்தில் நின்றார்கள். ஆகவே வீரத்தைப் பற்றிய பகுதியில் நான் எழுதிய சொல்லை மாற்றமாட்டேன். அது அவதூறுதான். வியட்நாமில் ஐந்தரை ஆண்டு சிறையில் கிடந்த ஜான் மெக்கெய்ன், கெர்ரிக்கு எதிர்க்கட்சிக்காரர், அந்த விளம்பரத்தை நேர்மையற்றது, மானமற்றது என்று சொன்னார்.

இப்போது, என் கட்டுரை தொடாமல் விட்ட இடம்.

நான் இதை எழுதும்போது எனக்கு முன்னால் 1971 ஏப்ரல் 22ஆம் தேதிப் படம் ஒன்று இருக்கிறது. செனட்டின் வெளியுறவுக் குழு. மேசையில் ஒலிவாங்கிகள். இருபத்தேழு வயதுக் கெர்ரி, கலைந்த நீள முடி. கோட்டும் டையும் கட்டி வரவில்லை. களத்தில் போட்ட பச்சைச் சீருடை. இடது மார்பில், பதக்கங்களுக்கு அடையாளமான ரிப்பன் வரிசை. ஐயா, அந்த ரிப்பன்களைக் கொஞ்சம் பாருங்கள். போரை எதிர்த்துப் பேச வந்தவர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அவை இருந்ததால்தான் அவர் பேச்சைக் கேட்டார்கள். ‘ஒரு தவறுக்காகச் சாகிற கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள்?’ என்று அவர் கேட்டது அந்த நெஞ்சோடுதான். பதக்கமா எதிர்ப்பா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அன்று அந்த அறையில் இரண்டும் ஒரே சட்டையில் இருந்தன. அந்த ஆற்றில் அவன் ஒரு மனிதனை இழுத்துக் காப்பாற்றினான் என்பதற்குப் பதக்கம். அந்த ஆற்றுக்கு அவனை அனுப்பியிருக்கவே கூடாது என்பது அவன் சாட்சியம். ஒன்று அவன் செய்தது, மற்றது அவன் கண்டது.

ஆனால் அவர் பேசிய எல்லாமே அந்த ஒரு கேள்வி இல்லை. டெட்ராய்ட்டில் அந்த வருடத் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் கூடித் தாங்கள் செய்ததையும் கண்டதையும் சொன்னார்கள். பெண்களைக் கெடுத்ததாக, காதுகளை அறுத்ததாக, தலைகளை வெட்டியதாக அங்கே சொல்லப்பட்டதைக் கெர்ரி செனட்டில் எடுத்துச் சொன்னார். பிறர் சொன்னதாகத்தான் சொன்னார். 2004இன் இரண்டாவது விளம்பரம் அதை வெட்டிவிட்டு மிச்சத்தை ஓட்டியது. ஆனால் வெட்டாமல் முழுதாகக் கேட்டாலும் ஒரு வாக்கியம் நிற்கிறது: இவை தனித்தனிச் சம்பவங்கள் அல்ல, எல்லா மட்டத்து அதிகாரிகளுக்கும் தெரிந்தே அன்றாடம் நடந்த குற்றங்கள் என்றார். அப்போது வட வியட்நாமின் ஹனோய்ச் சிறையில் அமெரிக்க விமானிகள் கிடந்தார்கள். தாங்கள் போர்க்குற்றவாளிகள் என்று எழுதித் தரச் சொல்லி அவர்களை அடித்திருந்தார்கள். எழுதித் தரக் கூடாது என்று அடி வாங்கியவன், அந்த வார்த்தையைத் தன் நாட்டுக்காரன் ஒருவன் தலைநகரில் உட்கார்ந்து சொன்னான் என்று கேள்விப்பட்டால் எப்படி இருக்கும்? இரண்டாவது விளம்பரத்தில் பேசியவர்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் வேதனை பொய்யில்லை. அதையும் பிரான்ஸ் ஸ்டார் பற்றிய பொய்யோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி ‘அவதூறு’ என்று நான் சீட்டு ஒட்டிவிட்டேன். அது பிழை. அதை ஏற்கிறேன்.

அந்தப் பிழையை ஏற்பதால் அவர் பேசியிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1968 மார்ச் 16 அன்று மை லாயில் அமெரிக்கப் படையினர் ஊரையே கொன்றார்கள். கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள். வியட்நாமியர் கணக்கில் 504 பேர். ஒன்றரை வருடத்துக்கு மேல் அது வெளியே வரவில்லை. 1971 மார்ச் இறுதியில் லெப்டினன்ட் காலி என்ற ஒரே ஒரு அதிகாரிக்குத் தண்டனை விழுந்தது. கெர்ரி பேசியது அதற்கு மூன்று வாரம் கழித்து. அந்த ஊருக்கு மேலே பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்ப்ஸன், சுட்டவர்களுக்கும் சாகப்போகிறவர்களுக்கும் நடுவே தன் ஹெலிகாப்டரை இறக்கி நிறுத்தினார். அதைச் சொன்னதற்காக அவரைத் துரோகி என்றார்கள். ராணுவம் அவருக்குப் பதக்கம் கொடுத்து அதை ஒப்புக்கொண்டது 1998இல். முப்பது வருடம். நடந்ததைச் சொன்ன ஆளைத்தான் நாடு முதலில் தண்டிக்கிறது, ஐயா. கெர்ரி மீதான கோபத்தில் எவ்வளவு ஹனோய்க் கைதிகளின் நியாயமான வலி, எவ்வளவு இந்தப் பழைய பழக்கம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் இருக்கின்றன.

பதக்கங்களை எறிந்த நாளைப் பற்றி. 1971 ஏப்ரல் 23, நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் போட்ட வேலி. வீரர்கள் வரிசையாக வந்து, பெயரைச் சொல்லி, சிலர் அழுது, எறிந்தார்கள். கெர்ரி எறிந்தது தன் ரிப்பன்களை. அவர் கையில் இருந்த பதக்கங்கள் வர முடியாத இரண்டு பேர் கொடுத்தனுப்பியவை. ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார், மற்றவர் இரண்டாம் உலகப் போர் வீரர். கெர்ரியின் சொந்தப் பதக்கங்கள் வீட்டில் இருந்தன. பிறகு அதே வருடம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தேன் என்ற பொருள்பட அவரே பேசினார். 2004இல் அதை வெளியே எடுத்தபோது ரிப்பனும் பதக்கமும் ஒன்றுதான் என்று மழுப்பினார். என் மனதில் அவர் இறங்கியது அங்கேதான்.

பாஸ்டனிலும் அதையே செய்தார். 2004 ஜூலை 29 இரவு. மேடையேறி சல்யூட் அடித்து, ‘பணிக்கு ஆஜராகிறேன்’ என்றார். படகும் தோழர்களும் நதியும் அந்த மாநாடு முழுவதும் இருந்தன. 1971 ஏறக்குறைய இல்லை. இராக்கில் ஆயிரம் பேரை நெருங்கி அமெரிக்க வீரர்கள் செத்துக்கொண்டிருந்த மாதம் அது. கடைசி ஆளைப் பற்றிய அந்தக் கேள்வியை அவர் மீண்டும் கேட்டிருக்க வேண்டிய இரவு. ஹனோய்க் கைதிகளிடம், ‘நீங்கள் பட்டதை அறிவேன், நான் பேசியது உங்களைப் பற்றியல்ல, உங்களை அங்கே அனுப்பியவர்களைப் பற்றி’ என்று சொல்லியிருக்க வேண்டிய மேடை. அந்த வருடம் ஒரு பேட்டியில் தன் பழைய வார்த்தைகள் கொஞ்சம் அதிகப்படியானவை என்று ஒப்புக்கொண்டவர்தான், மேடையில் அதை எடுக்கவில்லை. படகைக் காட்டி ஓட்டுக் கேட்டார், செனட் மேசையை மறைத்தார். மறைத்த இடத்துக்குள் ஒரு வாரத்தில் மற்றவர்கள் புகுந்தார்கள். முதல் விளம்பரம் மூன்றே மாநிலங்களில் ஓடியது. நாடு முழுக்க அதைக் கொண்டுபோனவை செய்தித் தொலைக்காட்சிகள். அவர் நேராகப் பதில் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு சந்தேகம் ஊன்றிவிட்டது. போருக்கே போகாமல் டெக்சஸ் தேசியக் காவல்படையில் இருந்த அதிபர் புஷ், கட்டாய ராணுவ சேவையிலிருந்து மாணவர் விலக்கு உள்பட ஐந்து முறை விலக்கு வாங்கிய துணை அதிபர் செனி, இவர்களை விட்டுவிட்டு, போனவரைப் பற்றி நாடு விவாதித்துக்கொண்டிருந்தது.

2017 ஜனவரியில், வெளியுறவு அமைச்சர் பதவியின் கடைசி நாட்களில், கெர்ரி மீண்டும் பே ஹாப் ஆற்றுக்குப் போனார். எதிர்த்தரப்பில் அங்கே சண்டையிட்ட ஒருவர், எழுபது வயது, இறால் வளர்க்கிறவர், அவரைச் சந்தித்தார். கெர்ரி சுட்டுக் கொன்ற ஆளை அந்த முதியவருக்குத் தெரியும். அவர் அந்த ஆளின் வயதைச் சொன்னார்: இருபத்து நான்கு. கெர்ரிக்கு அன்று இருபத்தைந்து. நாம் இருவரும் உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி என்று கெர்ரி அவரிடம் சொன்னார்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை நான் பல முறை படித்தேன். நீங்கள் பேசாமல் இருந்ததைக் குறை சொல்ல எனக்கு எந்த அருகதையும் இல்லை. ஆனால் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவனுக்கு, மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன என்று கேட்கமாட்டேன். என்றாவது எழுதத் தோன்றினால் எழுதுங்கள். வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடமாட்டேன். நான் மட்டும் படிப்பேன்.